ஒரு கண்ணில் சுண்ணாம்பு

டிசம்பர் தொடக்கத்தில் இறங்கிய சூரியன்
ஜனவரி பத்துக்கு முன் எழுந்திருக்காது.
இவாலோவில் இதைக் காமோஸ் என்போம்.
நான் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன், இரவு முறை.
இரவு முறை என்பது பேச்சுக்குத்தான்.

வாடகை பாக்கிக்குப் பதிலாக
மாடியறைக்காரன் விட்டுப்போனது
ஒரு வலைக் கூண்டு, ஒரு விளக்கு,
ஐலி.

பச்சோந்தி என்று ஒருவரைத் திட்டுவது சுலபம்.
ஐலி நிறம் மாறுவது
குளிரா, கோபமா, வயிற்றில் முட்டையா
என்று சொல்வதற்கு.
சொல்ல அதற்கு வேறு வழி இல்லை.

போன வாரம் நாக்கு தவறியது.
சுவர்க்கோழிக்கு அரை விரற்கடை முன்னால்
தொய்ந்து விழுந்து, மெதுவாக
வாய்க்குள் திரும்பியது.
மறுபடி. மறுபடியும்.
ஒரு கண் இரையைப் பார்த்தது,
மறு கண் என்னை.

ரோவானியெமிக்கு முன்னூறு கிலோமீட்டர்.
வழியெல்லாம் வேறு யாரோ தள்ளிய பனி,
ஓரத்தில் பிசிறு விட்டிருந்தார்கள்.
கடைக்காரியின் பெயர் சிர்க்கா.
எங்கள் பேச்சில் அது சுவர்க்கோழி.
தன் பெயர்கொண்ட பூச்சிகளை
எண்ணி எண்ணி விற்கிறாள், சிரிக்காமல்.

மேசைமேல் மூன்று டப்பா வைத்தாள்.
"இது வெறும் சுண்ணாம்புச் சத்து, அன்றாடத்துக்கு.
பாஸ்பரஸ் கலந்திருந்தால் வாங்காதே,
ஒரு கை கொடுப்பதை மறு கை பிடுங்கும்.
இது டி த்ரீ சேர்ந்தது. மாதம் இரண்டே முறை.
இது வைட்டமின். அதுவும் இரண்டு, வேறு வாரங்களில்."

அலமாரியில் நீல மூடிபோட்ட நாலாவது ஒன்று
எல்லாம் என்னிடமே என்றது. விலையும் குறைவு.
கை அதற்குப் போயிற்று.
"அதில் எது குறைந்தது, எது கூடியது
என்று எப்படிக் கண்டுபிடிப்பாய், துய்ரே?
டி மிஞ்சினால் சுண்ணாம்பு எலும்பை விட்டுவிட்டுச்
சிறுநீரகத்தில் போய் உட்காரும்."
கையை எடுத்துக்கொண்டேன்.

"விளக்கு வாங்கி எத்தனை மாதம்?"
தெரியாது. எரிகிறது, என்றேன்.
"எரியும்.
வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது."

அந்த வாக்கியத்தைப் பக்கத்து இருக்கையில்
புது விளக்கோடு உட்காரவைத்து
வீடுவரை ஓட்டினேன்.

என் சமையலறையிலும் ஒரு டப்பா உண்டு.
எலும்புப் படத்தைப் பார்த்த மருத்துவர் ஓல்லிலா
"கொஞ்சம் மெலிந்திருக்கிறது" என்றார்,
ஏப்ரல் மாத ஆற்றைப் பற்றிச் சொல்வதுபோல.
ஐந்து மாதமாகிறது. முத்திரை அப்படியே.
ஐலிக்காக முன்னூறு கிலோமீட்டர்.
எனக்காகக் கை நீட்டும் தூரம்கூடப் போகவில்லை.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பாம்.
இந்த வீட்டில்
சுண்ணாம்புதான் வெண்ணெய்.

தூள் போட்டுக் குலுக்குவதற்கும் பழக்கம் வேண்டும்.
முதல் நாள் அதிகமாகி
பூச்சிகள் மாவில் புரண்ட பேய்களாக நடந்தன.
ஐலி முகம் திருப்பிக்கொண்டது.
சற்று நேரத்தில் பேய்கள்
மீசையைத் துடைத்துக்கொண்டு பூச்சிகளாயின,
மருந்தெல்லாம் தரையில்.
ஒரு சிட்டிகை போதும்.
அந்தச் சிட்டிகை எவ்வளவு என்று
எந்த டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை.

ஏழாம் தேதி மணலைத் தோண்டி
முப்பத்தொரு முட்டை இட்டது.
முன்னூறு கிலோமீட்டருக்குள் ஓர் ஆண் கிடையாது.
தன் எலும்பிலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்து
யாரும் இல்லாத முப்பத்தொரு வீடு.
மேலே ஏறி, தலையில் மணலோடு,
விளக்கின் கீழ் கண் மூடிக்கொண்டது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
பெய்துகொண்டே இருக்கும் சாலையைத்
தள்ளிக்கொண்டே இருப்பவள் நான்.

பத்தாம் தேதி நண்பகலில்
சூரியன் வந்து போனதாம்.
தூங்கிவிட்டேன்.

மாத இறுதியில் சிர்க்கா அழைத்தாள்.
"நாக்கு?"
"மூன்றுக்கு இரண்டு."
"பரவாயில்லை."
பிறகு இருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.
டப்பாவின் முத்திரையை நகத்தால் நெருடியபடி
போனை வைக்காமல் நின்றேன்.
அவள் பேசாத இடத்தில் எல்லாம்
அவளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில்
சுவர்க்கோழிகள்.
எங்கள் ஊருக்கு வந்தே இராத
ஒரு கோடை இரவுபோல.